மெஷின் கேட்கும் முன் பை கேளுங்கள்: மலை மாவட்டத்தில் டிஜிட்டல் தடயவியலுக்கு நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் காவல் துறையின் அமைச்சுப் பணியில், அதாவது அலுவலக எழுத்துப் பணியில், பல வருடம் இருந்தவன் நான். நிதி கேட்டுக் கருத்துரு தயாரிப்பது, பணம் அனுமதிக்கும் ஒப்பளிப்பு ஆணைக்குக் காத்திருப்பது, செலவான பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவது, இதுதான் வேலை. ஒரு ஆடி மாத மதியம் கணக்கு சரிபார்க்க மலையில் ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் மேசையில் ஒரு பிரவுன் கவர் இருந்தது. அரக்கு முத்திரை, குற்ற எண், சாட்சிகள் கையெழுத்து, எல்லாம் முறைப்படி இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே கவருக்குள் போன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

கைப்பற்றிய போன் இன்னும் நெட்வொர்க்கில் இருக்கிறது என்று அர்த்தம். போனோடு இணைந்த கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்த யாரும், எங்கிருந்தோ, உள்ளே இருப்பதை அழித்துவிடலாம். முத்திரையை உடைக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே பை ஒன்றுகூட அந்த ஸ்டேஷனில் இல்லை. அதே வருடம் போனிலிருந்து தரவு எடுக்கும் மெஷினுக்குப் பெரிய தொகையில் கருத்துரு எழுதியது நான்தான். அதில் பை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். மெஷினிலிருந்து கருத்துருவைத் தொடங்குகிறோம். விற்க வருபவர் டெமோ காட்டுகிறார், நமக்கும் ஆசை வருகிறது, விலைப்புள்ளியை இணைத்து அனுப்பிவிடுகிறோம். கடந்த ஆண்டு வந்த வழக்குகளை எடுத்து வைத்து, எந்த இடத்தில் சான்று கெட்டது என்று பார்த்திருந்தால் பட்டியலே வேறாக இருந்திருக்கும். ஃபாரடே பை, நகலெடுக்கும்போது மூல டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர், நகல் வைக்கப் போதுமான ஹார்டு டிஸ்க், பவர் பேங்க், சார்ஜர் வகைகள். எல்லாம் சின்னத் தொகை. சின்னத் தொகை என்பதாலேயே யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, எந்த நிதி யாருக்கு உரியது என்று தெரியாமல் கை நீட்டுவது. தேசிய தடயவியல் உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2,254.43 கோடி ரூபாய் என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, 'நமக்கும் வரும்' என்று ஸ்டேஷன்களில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பணம் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்கும் உரியது. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான சைபர் குற்றத் தடுப்புத் திட்டம் வேறு. அது நிர்பயா நிதியிலிருந்து வந்தது. மாநிலங்களில் சைபர் தடயவியல் பயிற்சி ஆய்வகம் அமைக்கவும், இளநிலை ஆலோசகர்களை எடுக்கவும், பயிற்சி தரவும் அதில் உதவி கிடைத்தது. மாவட்டத்துக்கு நடைமுறையில் வழி திறப்பது போலீஸ் நவீனமயமாக்கல் நிதியும் மாநில அரசின் சொந்த ஒதுக்கீடும்தான். நவீனமயமாக்கல் நிதியில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. இமயமலை மாநிலங்களுக்கு 90:10. நாமும் மலைதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் பங்கு மாநிலத்தைப் பார்த்துத்தான், மாவட்டத்தைப் பார்த்து இல்லை.

காவல் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள துறை. எஸ்பி அலுவலகம் நேராக டெல்லிக்கு எழுத முடியாது. தலைமையகம் வழியாகப் போய், மாநிலத்தின் ஆண்டுச் செயல் திட்டத்தில் இடம் பிடித்து, தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு பார்த்த பிறகுதான் உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். ஆகவே செயல் திட்டம் தயாராவதற்கு முன்பே நம் தேவை தலைமையக மேசையில் இருக்க வேண்டும். வழக்கு வெடித்த பிறகு அவசரமாக எழுதும் கடிதம் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

லைசென்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போனிலிருந்து தரவு எடுக்கும் செலிப்ரைட் மாதிரியான கருவிகளில் பெட்டி மட்டும் வந்தால் வேலை நடக்காது. புதுப் புது போன் மாடல்களைத் திறக்க ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பெட்டி வாங்குவது ஒருமுறை மட்டும் ஆகும் தொடராச் செலவினம், லைசென்ஸ் ஆண்டுதோறும் ஆகும் தொடர் செலவினம். முதலாவதற்கு மட்டும் பணம் கேட்டு வாங்கிவிட்டு, பதின்மூன்றாவது மாதம் லைசென்ஸுக்குப் பணம் எடுக்கச் செலவுத் தலைப்பு எங்கே என்று தேடுவோம். பழைய மாடல் போன்களுக்கு மட்டும் பயன்படும் ஒரு பெட்டி அலமாரியில் தூங்கும். ஒப்பந்தப்புள்ளியிலேயே மூன்று வருட லைசென்ஸ், பராமரிப்பு, பயிற்சி மூன்றையும் ஒரே விலையாகக் கேளுங்கள். தொகை பெரிதாகத் தெரியும், கேள்வி வரும், பதில் சொல்லலாம். அப்புறம், லைசென்ஸ் முடிந்துவிட்டதே என்று யாராவது கிராக் செய்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் லைசென்ஸ் நகலைக் கேட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதும் இல்லை. டிஸ்க்கை நகலெடுக்க எஃப்டிகே இமேஜர், அலசிப் பார்க்க ஆட்டோப்சி, இரண்டும் இலவசம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் திருவனந்தபுரத்தில் செய்த சைபர்செக் நம் நாட்டுக் கருவி.

இன்னொரு தவறு மக்கள்தொகையை வைத்து வாதாடுவது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,35,394 பேர். வழக்கு எண்ணிக்கையிலும் தலைக்கணக்கிலும் சமவெளி மாவட்டங்களோடு நாம் போட்டி போட முடியாது. போலி காட்டேஜ் புக்கிங்கில் ஏமாறுபவர்கள்கூட சென்னையிலோ பெங்களூருவிலோ புகார் கொடுப்பார்கள். காட்டேஜ் படம் மட்டும் நம் ஊருடையது, எண்ணிக்கை அவர்கள் ஊருடையது. நம் வலு தூரத்தில் இருக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், கோவை 130-க்கும் மேல். நடுவில் மண் சரிந்தால் அன்றைக்குப் பயணமே இல்லை. ஒரு போனைக் கோர்ட்டில் ஒப்படைத்து, கோர்ட் வழியாக ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஒரு காவலருக்கு எத்தனை நாள் போகிறது என்று கணக்கிட்டு எழுதுங்கள். கேரளாவும் கர்நாடகாவும் கை எட்டும் தூரத்தில் இருப்பதால் டவர் விவரத்துக்கே மூன்று மாநிலங்களிடம் கேட்க வேண்டியிருப்பதையும் எழுதுங்கள். இது யாரும் மறுக்க முடியாத கணக்கு.

சமவெளி மாவட்டத்தின் கருத்துருவை நகலெடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே ஏசி கேட்பார்கள். தேவாலா, பந்தலூர் மழையில் நமக்கு வேண்டியது ஈரப்பதம் புகாத அலமாரி, சிலிக்கா ஜெல், நல்ல யுபிஎஸ். நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எட்டு மணி நேர வேலை முதலிலிருந்து.

ஆட்களை மறப்பதும் உண்டு. ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புவோம். அவர் திரும்பி வந்து கை பழகும் நேரத்தில் மாறுதல் ஆணை வரும், சொந்த ஊருக்கு இறங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் கீழே இருக்கும். இரண்டு பேரை அனுப்புங்கள், ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். பயிற்சிப் படியையும் பயணச் செலவையும் கருத்துருவிலேயே சேருங்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் கேட்பதற்குக் காரணமும் கூடியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்-ன் 105-வது பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் ஆடியோ, வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. 176(3) ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. இதைக் கட்டாயமாக்க மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இரண்டு பகுதி. அதில் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணையும், குறிப்பிட வேண்டும். 'காலத்தின் தேவை' என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. எந்தப் பிரிவை நிறைவேற்ற எந்தப் பொருள் என்று ஒரு வரிக்கு ஒன்றாக எழுதினால், கேள்வி கேட்பவரும் பதிலைத் தானே படித்துக்கொள்வார்.

மார்ச் அவசரம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜனவரியில் ஒப்பந்தப்புள்ளி திறந்தால் பொருள் வரும் முன் நிதியாண்டு முடியும், பணம் சரண்டர் ஆகும், அதாவது அரசுக்கே திரும்பிப் போகும். பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணையும் நிற்கும்.

அந்த ஸ்டேஷனுக்கு வருவோம். ரைட்டர் ஆய்வாளருக்குப் போன் போட்டார். அவர் சாட்சிகளை மறுபடி வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் கவரைப் பிரித்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, நேரத்தைக் குறித்து, புதிய முத்திரை வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் போன் இன்னும் நான்கு முறை அதிர்ந்தது. அடுத்த வருடக் கருத்துருவில் முதல் வரி ஃபாரடே பை, ஸ்டேஷனுக்கு ஐந்து.