நலங்கு மாவு: கப்பி இல்லாமல், கட்டி தட்டாமல் வீட்டிலேயே தயாரிக்க

நலங்கு மாவில் என்னென்ன போடலாம் என்று ஊருக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. எதைப் போடக் கூடாது, எந்த அளவுக்குக் காய வேண்டும், மில்லிலிருந்து வந்த மாவை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. மாவு பூசணம் பிடிப்பதும், தேய்த்தால் முகம் எரிவதும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் வரும் கோளாறால்தான்.

ஒரு கிலோ மாவுக்கான அளவு:

பச்சைப்பயறு 500 கிராம்
கடலைப்பருப்பு 250 கிராம்
கஸ்தூரி மஞ்சள் 50 கிராம்
பூலாங்கிழங்கு 50 கிராம்
காய்ந்த ரோஜா இதழ் 50 கிராம்
காய்ந்த ஆவாரம்பூ 50 கிராம்
கோரைக்கிழங்கு 25 கிராம்
வெட்டிவேர் 25 கிராம்

வறண்ட சருமம் என்றால் கடலைப்பருப்பை விட்டுவிட்டு, முழுப்பயறுக்குப் பதில் தோல் நீக்கிய பாசிப்பருப்பாகவே 750 கிராம் எடுங்கள். கடலை மாவு எண்ணெயை அதிகம் இழுக்கும். பயற்றின் தோலோ எவ்வளவு அரைத்தாலும் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் நிற்கும்.

கஸ்தூரி மஞ்சளைத் தூளாக வாங்காதீர்கள், கிழங்காகவே வாங்குங்கள். அந்தப் பெயரில் வேறு கிழங்குகளும் சாதாரண மஞ்சளும் நிறைய விற்கின்றன. நல்ல கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர் நிறம் தெரியும், கற்பூர வாசனை தூக்கும், தோலில் மஞ்சள் கறை அவ்வளவாக ஒட்டாது. ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்து சாம்பார் வாசனை அடித்தால் அது சமையல் மஞ்சள். சென்னையில் இருப்பவர்கள் பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம்.

இவை வேண்டாம்

பல பட்டியல்களில் கார்போக அரிசி இருக்கும். பெயரில்தான் அரிசி, உண்மையில் அது ஒரு மூலிகை விதை. தினமும் தேய்க்கிற மாவில் அது கூடவே கூடாது. அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்து சிவக்கும், சில நேரம் கொப்புளிக்கும். ஆறிய பிறகு மாதக்கணக்கில் கருமை நிற்கும். வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில், அளந்து வெயில் காட்டித் தருகிற மருந்துச் சரக்கு அது. காலையில் குளித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு உகந்ததல்ல.

எலுமிச்சைத் தோலும் சாறும் இதே வகைதான். வெயிலோடு சேர்ந்து கருமையைக் கிளப்பும் பொருள் அதிலும் உண்டு. நிறம் கூடும் என்று நம்பித் தடவியவர்களுக்கு முகத்தில் திட்டு விழுவது இதனால்தான். ஆப்ப சோடாவும் வேண்டாம். தோலின் இயல்பான பிஎச் ஏறத்தாழ 5, லேசான அமிலத் தன்மை. சோடா காரம், அந்தப் பாதுகாப்பைக் குலைத்துவிடும்.

காயவைத்தல்

பருப்பு வகைகளையும் கிழங்குகளையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். பூக்களும் வெட்டிவேரும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும். பயறு பல்லில் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். ரோஜா இதழ் கையில் கசக்கினால் தூளாக உதிர வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அரைத்தல்

வெட்டிவேரைக் கத்தரியால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் மிஷினில் சுற்றிக்கொள்ளும். கிழங்குகளை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி இதற்குச் சரிப்படாது. காய்ந்த கோரைக்கிழங்கு கல் மாதிரி இருக்கும், பிளேடு போய்விடும், மாவும் நைசாக வராது. மாவு மில்தான் சரி.

மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். மிளகாய்த் தூள் ஓடிய மிஷினில் அரைத்த மாவை முகத்தில் வைக்க முடியாது. அரிசி ஓடிய பிறகு போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் முதலில் விழும் ஒரு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். மில்லிலிருந்து மாவு சூடாக வரும். அப்படியே டப்பாவில் அடைத்து மூடினால் உள்ளே வியர்த்து, அந்த நீர் மாவிலேயே இறங்கும். கட்டி தட்டும், சில வாரங்களில் புளித்த வாடை வரும், பிறகு பூசணம். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான வேட்டித் துணியை விரித்து, மாவை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறி போடாமல் முழுதும் ஆறவிடுங்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் சூடு இருக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

ஆறியதும் சலியுங்கள். முதலில் மைதா சல்லடை, பிறகு மெல்லிய பருத்தித் துணி. சித்த மருத்துவத்தில் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வது இப்படித்தான். வேலை பிடிக்கும், ஆனால் முகத்துக்கான மாவில் இதை விடாதீர்கள். கப்பியோடு, அதாவது நைசாக அரைபடாத சொரசொரப்பான துகளோடு, தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், எரிச்சல் அங்கிருந்துதான் தொடங்கும். துணியில் தங்கிய கப்பியைக் குதிகாலுக்கும் முழங்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ குளியலறைக்கு வெளியே வையுங்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து, காய்ந்த ஸ்பூன் போட்டுப் புழங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

தேய்க்கும் முறை

முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் குழைத்துப் பூசிக் கழுவிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

முகத்துக்கு ஒரு டீஸ்பூன், உடம்புக்கு மூன்று டேபிள்ஸ்பூன். தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, விரல் நுனியால் ஒரு நிமிடம் தடவிக் கழுவுங்கள். "பேக்" போட்டுக் காயவிடாதீர்கள். காய்ந்து இறுகும்போது தோலிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டிவரும். சீழ்ப் பருவோ புண்ணோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். குழைத்தது மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், ஈரமான பருப்பு மாவில் கிருமி வேகமாகப் பெருகும்.

துடைத்ததும் ஈரம் காயும் முன் உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் சில துளிகள் போதும். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். எண்ணெய்ப் பசையற்ற மாய்ச்சரைசர் நல்லது. வெளியே போகிறவர்கள் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்தில் பூசுங்கள். எந்த மாவும் வெயிலைத் தடுக்காது.

பின்சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படுபவை

உப்புத் தண்ணீரில் சரிவருமா? சோப்பை விட நன்றாகவே வரும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தோலில் பிசுக்காக ஒட்டும், பருப்பு மாவில் அந்தத் தொல்லை இல்லை.

கைக்குழந்தைக்கு வேண்டாம். தோல் மெல்லியது, தூள் மூச்சிலும் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் சலிக்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறைக் குழாய் அடைத்துக்கொள்வதாகப் பலர் சொல்கிறார்கள். தண்ணீர் வெளியேறும் ஜாலியின் மேல் பழைய நைலான் வலை ஒன்றைப் போட்டுவிட்டு, குளித்ததும் தங்கிய மாவை எடுத்துச் செடிக்குப் போட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்றி அடைப்பைக் கரைக்கப் பார்க்காதீர்கள். மாவு வெந்து பசையாகி இன்னும் இறுகும், பச்சைத் தண்ணீரை வேகமாக ஊற்றித் தள்ளுவதுதான் வழி.