பழைய மாருதி 800: பிளக்கோடு நிற்காதீர்கள்

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 காலையில் இருமி இருமிக் கிளம்பினால், எல்லோரும் முதலில் தேடுவது விலையுயர்ந்த இரிடியம் ஸ்பார்க் பிளக்கை, அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பாகத்தை. தேவையே இல்லை. கையேடு சொல்லும் எண்ணுள்ள சாதாரண பிளக் மூன்று போதும். வெப்ப எண்ணும் (பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதன் குறி) மரை நீளமும் மாறக் கூடாது. மிச்சக் காசை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கும் அதனுள் சுழலும் ரோட்டாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளுக்கிடையே பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள வண்டியென்றால், அதைக் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். அது கெட்டிருந்தால் புதுப் பாயிண்ட் சீக்கிரமே கருகிவிடும். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-2. நான் ஒருமுறை இடம் மாற்றி மாட்டிவிட்டு, அரை நாள் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.