மேட்டூர் தாமதமாகும் வருஷத்தில் நெல் விவசாயிகள் தவிர்க்க வேண்டியவை

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம்தான், உத்தரவாதம் கிடையாது. 2024இல் போதிய இருப்பு இல்லாமல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்த மாதிரி வருஷங்களிலும் பழைய கணக்கிலேயே விவசாயம் பார்ப்பதுதான் டெல்டாவில் பலருடைய மகசூலைக் கெடுக்கிறது.

முதலில் விதை. வீட்டில் சிஆர் 1009 ரக விதைநெல் மூட்டை இருக்கிறதே என்று அதையே அக்டோபரில் விதைப்பவர்கள் உண்டு. அது 155 நாள் பயிர். பூப்பதற்கே பிப்ரவரி ஆகிவிடும். அணையை மூடுவதோ வழக்கமாக ஜனவரி 28. மழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும். விதைப்பு தள்ளிப்போனால் ஆடுதுறை 39 மாதிரி 130 நாளுக்குள் முடிகிற ரகத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

தண்ணீர் இன்று வரும், நாளை வரும் என்று நாற்றை முற்ற விடுவதும் தவறு. குறுகிய கால ரகத்தில் 25 நாளைத் தாண்டிய நாற்று சரியாகத் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் அதிகம் விடாது. குத்துக்கு இரண்டு நாற்று கூடுதலாக வைத்தாலும் ஓரளவுதான் ஈடுகட்டும்.

இதற்குப் பதில் புழுதியில் நேரடியாக விதைக்கலாம். நாற்றங்கால், சேற்றுழவு இரண்டுக்கும் ஆகிற தண்ணீர் மிச்சம். ஆனால் களையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தொலைந்தது. குதிரைவாலிப் புல் இளசில் நெல் மாதிரியே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள்: நெல்லில் மெல்லிய சவ்வு தெரியும், புல்லில் இருக்காது.

காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எவ்வளவு காயவிடுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பயந்தவர் தண்ணீர் வற்றும் முன்பே மடையைத் திறக்கிறார். துணிந்தவர் வெடிப்பில் விரல் நுழையும் வரை விடுகிறார். களிமண் அப்படி வெடித்தால் அடுத்த பாய்ச்சலில் நிறையத் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும். ஒரு அடி பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சினால் போதும். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் வேருக்கு ஈரம் கிடைக்கும். இதற்கு முன் வரப்பில் உள்ள எலி வளை, நண்டு வளைகளை அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் பாய்ச்சியது சாயங்காலம் பக்கத்து வயலில் நிற்கும்.

நட்ட முதல் இரண்டு வாரம் இந்தக் காய்ச்சல் வேண்டாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரையும் வேண்டவே வேண்டாம். தூர் கட்டும்போது தாராளமாகப் பாய்ச்சிவிட்டு, பூக்கும்போது தண்ணீர் முறை வராமல் வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடையில் தவிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அப்போது காய்ந்த கதிர் பதராகிவிடும். பிறகு ஆறு நிறைய வந்தாலும் அது மணி பிடிக்காது. அந்த நேரத்துக்குப் போர் தண்ணீரை நம்பியிருக்கும் நாகை, வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் அதில் உப்பு எவ்வளவு என்று விதைக்கும் முன்பே பரிசோதித்துவிடுங்கள். பூக்கும் பயிர் உப்பைத் தாங்காது.