கிட்டாரே இல்லாமல் சைட்ரான்ஸில் கிட்டார் ஒலி

சைட்ரான்ஸ் (சைக்கடெலிக் ட்ரான்ஸ் என்கிற வேகமான எலெக்ட்ரானிக் நடன இசை) ட்ராக்கில் கிட்டார் வேண்டும் என்று தோன்றியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சிந்தசைஸரில் ஏதோ ஒரு கிட்டார் ப்ரீசெட்டை (தயாராக இருக்கும் ஒலி அமைப்பை) திறந்து, கீபோர்டில் மூன்று விரலால் ஒரு கார்டை அமுக்கிப் பார்த்து, "சே, பொம்மை மாதிரி இருக்கே" என்று மூடிவிடுவது. நானும் பல மாதம் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ப்ரீசெட் மேல் தப்பில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் கிட்டாராகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் தந்தி இல்லை; பிக் படும் அந்த முதல் சில மில்லிசெகண்ட், தந்தியை இழுக்கும் விரல், கடைசியில் ஆம்ப்பின் ஸ்பீக்கர், இந்த மூன்றும்தான். இவை சரியாக வந்துவிட்டால் இலவச சிந்த் (சிந்தசைஸர்) ஒன்றே போதும். நான் வைட்டல் என்கிற சிந்தை வைத்துச் சொல்கிறேன், உங்களிடம் எது இருக்கிறதோ அதில் செய்யுங்கள்.

ப்ரொஜெக்ட் 145 பிபிஎம் (நிமிடத்துக்கு 145 அடி), ஸ்கேல் ஈ மைனர் என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரின் அடித் தந்தியும் ஈ தான் (82.4 ஹெர்ட்ஸ்), அதனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) எழுதும்போது ஒரு நிஜக் கிட்டார்காரர் எங்கே கை வைப்பார் என்று யோசிக்கவும் வசதி.

முதலில் தந்தி. ரம்பப்பல் மாதிரி இருக்கும் சா (saw) வேவை விட பல்ஸ் வேவ் நல்லது, அதுவும் அகலத்தை 20 சதவீதம் வைத்து. காரணம் இருக்கிறது: தந்தியை அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 5, 10, 15ஆவது ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) காணாமல் போகும், 20 சதவீத பல்ஸிலும் அதே ஹார்மோனிக்குகள்தான் இருக்காது. அகலத்தைக் குறைத்தால் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டுகிற கூர்மை வரும், கூட்டினால் கழுத்துப் பக்கம் போய் உருண்டையாகும். மேலே ஒரு லோபாஸ் ஃபில்டர் (மேல் அதிர்வெண்களை வெட்டுவது), அது மூடிக்கொள்ளும் நேரம், அதாவது என்வலப் டிகே, 300-400 மில்லிசெகண்ட், ஏனென்றால் தந்தியில் மேல் ஹார்மோனிக்குகள்தான் முதலில் சாகும். பிக்குக்கு நாய்ஸ் ஆஸிலேட்டரை வெறும் 8-10 மில்லிசெகண்ட் மட்டும் திறந்து மூடுங்கள். தனியாகக் கேட்டால் 'டிக்' என்று அசட்டுத்தனமாக இருக்கும். பரவாயில்லை, டிஸ்டார்ஷன் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது டிஸ்டார்ஷன். இங்கேதான் பெரும்பாலும் சொதப்பல் நடக்கிறது. சிந்துக்குள் இருக்கும் டிரைவைத் திருகிவிட்டு நேராக மாஸ்டருக்கு அனுப்பினால் கொசு காதுக்குள் புகுந்த மாதிரிதான் இருக்கும். வரிசை இப்படி இருக்கட்டும்: சிந்த், அப்புறம் 100 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது), 700 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஒரு மேடு (டியூப் ஸ்க்ரீமர் பெடல் செய்கிற வேலை இதுதான்), அதன் பிறகு ஆம்ப் டிஸ்டார்ஷன், அதன் பிறகு கேபினெட் (ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டி). டிஸ்டார்ஷனில் ஓவர்சாம்ப்ளிங் (அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் வசதி) இருந்தால் நாலு மடங்கு போடுங்கள், இல்லையென்றால் மேல் ஸ்வரங்களில் சுருதி சேராத விசில் ஒன்று கூடவே வரும்.

கேபினெட்டை மட்டும் விடவே கூடாது. 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும், அந்த விழுதல்தான் நம் காதுக்குக் 'கிட்டார்' என்று பதிந்திருக்கிறது. நிஜ கேபினெட்டின் ஒலியைப் பதிந்து வைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகள் இலவசமாகவே நிறையக் கிடைக்கும். அதுவும் இல்லையா, ஒரு ஈக்யூவில் 5 கிலோஹெர்ட்ஸில் செங்குத்தான லோபாஸ், 2.5 கிலோவில் சின்ன மேடு, 400 ஹெர்ட்ஸில் சின்னப் பள்ளம். முக்கால்வாசி வந்துவிடும்.

கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மேஜர் கார்டை முழுசாக அமுக்கினால் கூழாகிவிடும். மூலஸ்வரமும் அதன் ஐந்தாவதும், அதாவது பவர் கார்டு, அது போதும். ஈ 82 ஹெர்ட்ஸ், பி 123 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் பிறக்கும், நீங்கள் அமுக்காத ஒரு ஈ, ஒரு ஆக்டேவ் கீழே. ராக் பாட்டில் இது வரம். சைட்ரான்ஸில் உங்கள் பேஸ் உட்கார்ந்திருக்கும் இடமே அந்த 41 தான்! எனக்கு இது தெரியாமல், பதினாறாம் பங்கு நோட்டுகளில் கனமாக ஒரு ரிஃப் செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பூரித்துப்போய், நண்பரின் காரில் போட்டால் பேஸையே காணோம். அதனால் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஒரு ஹைபாஸ் இருந்தாலும், கேபினெட்டுக்குப் பிறகு இன்னொன்று, 150 ஹெர்ட்ஸில், கட்டாயம். சோலோவில் கேட்டால் சோகையாகத்தான் இருக்கும், கிக்கும் பேஸும் சேரும்போது கேளுங்கள்.

அடுத்தது விரல். லீட் வாசிக்க மோனோ மோடுக்கு மாறுங்கள், பிட்ச் பெண்ட் ரேஞ்ச் 2 செமிடோன், அதாவது ஒரு முழு ஸ்வரம். நோட்டை ஒரு முழு ஸ்வரம் கீழே தொடங்கி 120 மில்லிசெகண்டில் மேலே இழுத்து நிறுத்துங்கள், எல்லா நோட்டுக்கும் வேண்டாம், நீளமான நோட்டுகளுக்கு மட்டும். வைப்ரேட்டோ 5-6 ஹெர்ட்ஸ், நோட்டு தொடங்கி அரை நொடி கழித்து மெல்ல வரட்டும். சிந்தின் எல்எஃப்ஓ (வைப்ரேட்டோவுக்காகச் சுருதியை ஆட்டும் மெதுவான அலை) சாதாரணமாகச் சுருதிக்கு மேலும் கீழும் ஆடும். ஆனால் வீணையோ கிட்டாரோ, தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் எல்எஃப்ஓவை மேல்பக்கம் மட்டும் ஆடும்படி மாற்றிப் பாருங்கள், பொம்மைத்தனம் பாதி அங்கேயே போய்விடும். வாமி பார் டைவ் (கிட்டாரின் பிரிட்ஜில் உள்ள கம்பியை அமுக்கிச் சுருதியைச் சரிய விடுவது) வேண்டுமென்றால் மட்டும் ரேஞ்சை 12 ஆக்கிக் கீழே தள்ளலாம், டிராப்புக்கு (கிக்கும் பேஸும் முழு வேகத்தில் திரும்ப வரும் இடம்) முந்தின பாரில் அது அமர்க்களமாக இருக்கும்.

பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அடக்கி வாசிப்பது) ரிஃப்புக்கு: 145இல் பதினாறாம் பங்கு நோட்டு 103 மில்லிசெகண்ட், நீங்கள் 55 மட்டும் ஒலிக்க விடுங்கள், ஃபில்டரை 800 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். வெலாசிட்டி (நோட்டை அடிக்கும் அழுத்தம்) 110, 84, 97, 80 என்று ஏறி இறங்கட்டும். பிக் மேலே போகும் அடி எப்போதும் கொஞ்சம் மெலிவுதான். கிக் விழும் பதினாறாம் பங்கைக் காலியாக விடுங்கள், பேஸ்லைன் எப்படி விடுகிறதோ அப்படி. இரண்டு பக்கமும் அகலமாக வேண்டும் என்றால் ட்ராக்கைக் காப்பி பண்ணி இடம் வலம் தள்ளாதீர்கள், அது சத்தத்தைக் கூட்டுமே தவிர அகலத்தைக் கூட்டாது. இரண்டாவது ட்ராக்கில் பல்ஸ் அகலம் வேறு, கேபினெட் வேறு, வெலாசிட்டி வேறு, டைமிங் நோட்டுக்கு நோட்டு சில மில்லிசெகண்ட் முன்பின்.

நிஜக் கிட்டார் கையில் இருந்தால் இன்னும் சுலபம். ஆடியோ இன்டர்ஃபேஸின் ஹை-இஸட் (கிட்டாருக்கான) உள்ளீட்டில் நேரடியாகச் சொருகி, ஆம்ப் இல்லாமல் சுத்தமாகப் பதிந்து, நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச பிளக்-இன்னில் ஓட்டுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்டது) என்றால் கம்ப்யூட்டர் மானிட்டரிலிருந்து தள்ளி உட்காருங்கள், இல்லாவிட்டால் ரீங்காரமும் சேர்ந்து பதியும்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது ராக் கிட்டார். அதை சைக்கடெலிக் ஆக்க, முதலில் ஆடியோவாக பவுன்ஸ் செய்துவிடுங்கள் (ஒலிக்கோப்பாக எழுதிவிடுங்கள்). மிடியாக, அதாவது மாற்றக்கூடிய நோட்டுகளாக, வைத்திருக்கும்வரை மாற்றிக்கொண்டே இருப்போம், வேலை முடியவே முடியாது. நீண்ட நோட்டைப் பதினாறாம் பங்குகளாக, கேட் (gate) ஒன்றைத் திறந்து மூடி, நறுக்குங்கள். சில துண்டுகளைத் திருப்பிப் போடுங்கள். 400 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பேண்ட்பாஸை (நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடும் ஃபில்டர்) கையால் ஆட்டோமேஷன் வரைந்து ஓட்டினால் வா-வா வரும், அதன் மேல் மெதுவான ஃபேஸர், அப்புறம் புள்ளி வைத்த எட்டாம் பங்கு டிலே, அதாவது 310 மில்லிசெகண்ட். டிலேயின் வாலை மட்டும் தனியாக பவுன்ஸ் செய்து ஒரு ஆக்டேவ் இறக்கிப் பாருங்கள், என் ட்ராக்குகளில் மக்கள் "அது என்ன சவுண்டு?" என்று கேட்பது பெரும்பாலும் அந்த வாலைத்தான்.

இஸ்ரேலின் இன்ஃபெக்டட் மஷ்ரூம், ஸ்காஸி போன்ற சைட்ரான்ஸ் குழுக்கள் எல்லாம் ராக் கிட்டாரை இந்த இசைக்குள் கொண்டுவந்தபோது, சைட்ரான்ஸுக்கு முன்னோடியான பழைய கோவா ட்ரான்ஸ் பித்தர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, இன்னமும் பிடிக்காதவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பேன், கிட்டார் வந்தால் காது வேறெதையும் கேட்காது. ஆகவே 16 பாருக்கு மேல் விடாதீர்கள். 145இல் அது 26 நொடி, ஒரு கேள்வி கேட்கத் தாராளம். பதிலை ஆசிட் லைன் (ஃபில்டரில் நெளிந்து கீச்சிடும் சிந்த் மெட்டு) சொல்லட்டும்.