ரிப்பன் மைக்கை மேடை மைக்போல் பாவிக்காதீர்கள்: வாத்திய ஒலிப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்கைக் கண்டதும் கையும் வாயும் தாமாகவே இரண்டு வேலை செய்யும். விரலால் ஒரு தட்டு, வாயால் ஒரு ஊது. கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவரும் மைக் இரண்டையும் தாங்கும். ரிப்பன் மைக் தாங்காது. அதன் உள்ளே, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் தொங்குவது ஏறத்தாழ 2 மைக்ரோன் தடிப்புள்ள அலுமினியத் தகடு. தலைமயிரை முப்பதாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு தடிப்பாக இருக்குமோ அவ்வளவுதான். ஒரு பலத்த ஊதலில் அது இழுபட்டுவிடும். இழுபட்டது பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்டீரியோ ரிப்பன் மைக்கில் இப்படி இரண்டு தகடுகள்.

இவ்வளவு நோஞ்சானை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றால், சல்லரிக்காகவும் (கூத்தில் தட்டும் கைத்தாளம்) வயலினுக்காகவும்தான். மலிவான கொண்டென்சர் மைக்கில் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) சல்லரி காதைக் கீறும், வில் இழுக்கும் சத்தம் நாதத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ரிப்பன் மேல் ஸ்தாயிகளை மெதுவாகத் தணித்துப் பதியும். மத்தளம், உடுக்கை, றபான் (ஒருபக்கத் தோற்பறை), வயலின் எல்லாம் அறையில் கேட்கும் உருவத்தோடு பதிவாகும். ஆனால் மேடைப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் இந்த நன்மை எதுவும் கிடைக்காது.

நுனியை வாத்தியத்துக்குக் காட்டுவது

மேடை மைக் நுனியால் கேட்கும். இது பக்கவாட்டால் கேட்கும். ஒவ்வொரு தகடும் முன்னாலும் பின்னாலும் சமமாகக் கேட்கும், இரு விளிம்புப் பக்கமும் செவிடு. இதைத்தான் எட்டு வடிவம் என்கிறோம். இந்த எட்டு வடிவங்கள் இரண்டை 90 பாகையில் குறுக்காக வைத்தால் ஸ்டீரியோ கிடைக்கும் என்று அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோ ரிப்பன்களில் பலவும் அந்த அமைப்புத்தான்: ஒரே உடலில் மேலும் கீழுமாக இரண்டு தகடுகள், ஒன்று 45 பாகை இடப்புறம், மற்றது 45 பாகை வலப்புறம் பார்க்கும்.

இதனால் மைக்கின் தலைக்கு நேர்மேலும் காலுக்கு நேர்கீழும் இரு தகடுகளுக்குமே செவிட்டு இடங்கள். மத்தளத்துக்கு மேலே தொங்கவிட்டு நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்தால், இருப்பதிலேயே மந்தமான பக்கத்தை வாத்தியத்துக்குக் கொடுத்ததாகிவிடும். உடலில் உள்ள முன்பக்க அடையாளம் வாத்தியத்தை நோக்க வேண்டும். மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். பதிவுக்கு முன் ஒருவர் இடப்பக்கம் நின்று "இடம்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், தட்டிப் பார்க்கத் தேவையில்லை.

(தலைக்கு மேலே சுற்றும் ஃபேனின் இரைச்சல் அந்தச் செவிட்டு இடத்தில் விழும் என்று சந்தோஷப்பட இடமில்லை. காற்றுக்குச் செவிட்டுப் பக்கம் கிடையாது. ஃபேன் நிற்கத்தான் வேண்டும்.)

வட்டக்களரியின் நடுவில் வைப்பது

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் அதிகம் நடக்கக்கூடிய பிழை இதுதான். கூத்து வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், நடக்கிறது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடும், சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவர் பக்கத்திலும் நிற்க, ஆடுபவர்கள் சுற்றி வருகிறார்கள். "நாலா பக்கமும் கேட்கும் மைக்தானே" என்று ஸ்டீரியோ ரிப்பனை நடுவில் நட்டுவிடத் தோன்றும். அது நாலா பக்கமும் கேட்பது உண்மை. ஒரே மாதிரிக் கேட்பதில்லை.

மைக்கைச் சுற்றி நான்கு கால்வட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் கால்வட்டத்தில் நிற்பவர் இருக்கும் இடத்தில் இருப்பதுபோல் பதிவாவார். பின் கால்வட்டத்தில் நிற்பவரும் சுத்தமாகப் பதிவாவார், இடம் வலம் மட்டும் கண்ணாடியில்போல் மாறியிருக்கும். சிக்கல் இடது, வலது கால்வட்டங்களில். அங்கிருந்து வரும் ஒலி ஒரு தகட்டின் முன்பக்கத்தையும் மற்றத் தகட்டின் பின்பக்கத்தையும் தாக்கும். ஒரு சனல் (ஒலித்தடம்) தள்ளும்போது மற்றச் சனல் இழுக்கும். ஹெட்போனில் அது தலைக்குள் எந்த இடத்திலும் நிற்காமல் இழுபடும். இரண்டு சனலையும் ஒன்றாக்கினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். சரியாக 90 பாகையில் நிற்பவர் முழுதாகக் காணாமல் போவார். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைத்தொலைபேசியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் மக்கள் கேட்பது ஒன்றாக்கிய ஒலிதான். ஆகவே நடுவில் வைத்த மைக்கில் தருமர் ஒரு சுற்று ஆடி வருவதற்குள் இரண்டு தடவை தொலைந்து இரண்டு தடவை திரும்பி வருவார்.

களரியை வெளியிலிருந்து பதியுங்கள். பதிய வேண்டியவை அனைத்தும் மைக்குக்கு முன்னால் 70 பாகைக்குள் அடங்க வேண்டும், அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 35 பாகை. 6 மீற்றர் விட்டமுள்ள களரி என்றால் மைக் அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 5.2 மீற்றரில், அதாவது களரி ஓரத்திலிருந்து 2.2 மீற்றர் வெளியே வரும். அப்போது மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கும் சனத்தின் கதையும் கச்சான் கடலை கொறிக்கும் சத்தமும் அதே அளவில் விழும் என்பது இன்னொரு தலையிடி. அதனால் ஆற்றுகை இரவில் இந்த மைக்கோடு மல்லுக்கட்டுவதைவிட, மத்தளம், சல்லரி, பிற்பாட்டை மட்டும் வேறொரு நாளில் மூடிய மண்டபத்தில் பதிவது எவ்வளவோ மேல்.

அந்த மண்டபப் பதிவில் மைக்கின் இரு முகங்களையும் பயன்படுத்தலாம். மத்தளமும் சல்லரியும் முன்னால் 1.5 மீற்றரில், பிற்பாட்டுக்காரர் பின்னால் 2 மீற்றரில், இரு பக்கமும் வெறுமை. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து றபான் குழு வட்டமாக உட்கார்ந்தால், வட்டத்தைக் கலைத்து எதிரெதிரான இரண்டு வரிசையாக உட்காரச் சொல்லுங்கள். 2 மீற்றர் தூரத்தில் ஒரு வரிசையின் அகலம் 2.8 மீற்றரைத் தாண்டக்கூடாது; றபானோடு நால்வர் தாராளமாக அடங்குவார்கள். பின்வரிசையில் யார் எந்தப் பக்கம் கேட்க வேண்டுமோ, அவரை அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள்.

எல்லை எங்கே என்று சந்தேகமிருந்தால் சல்லரிக்காரரை மெல்லத் தட்டிக்கொண்டு மைக்கை ஒருமுறை சுற்றி வரச் சொல்லி, இரண்டு சனலையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். ஒலி மெலியத் தொடங்கும் நான்கு இடங்களிலும் நிலத்தில் சோக்கால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள இரு பக்கத் துண்டுகளிலும் ஆள் இருக்கக்கூடாது.

வாய்க்குக் கிட்ட, சுவருக்குக் கிட்ட

எட்டு வடிவ மைக்கில் கிட்டப் போகப் போகக் கீழ்ஸ்தாயி ஊதிப் பெருக்கும். மத்தளத்தின் இடந்தலைக்கு 30 சென்ரிமீற்றரில் வைத்தால் ஒவ்வொரு அடியும் "பம்ம்" என்று நிற்கும், சொற்கட்டு தெளியாது. 1 மீற்றரில் தொடங்குங்கள். மத்தளத்தை மைக்குக்குக் குறுக்காகப் பிடித்தால் இரு தலையும் இரு பக்கம் பிரிந்து கேட்கும். வயலினுக்கு 1 முதல் 1.5 மீற்றர், வாத்தியத்தின் மேற்பலகையைச் சற்று மேலிருந்து பார்க்கும் உயரம். புல்லாங்குழலில் மூச்சுக்காற்றின் பாதையைத் தவிர்த்து, வாய்மட்டத்துக்கு மேலே, 80 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். அதைவிடக் கிட்டப் போனால் வாசிப்பவர் தலையாட்டும்போதெல்லாம் குழல் இடமும் வலமும் ஊஞ்சலாடும். நாதஸ்வரத்துக்கு 2 முதல் 3 மீற்றர். அணசு (நாதஸ்வரத்தின் அகன்ற அடிவாய்) மைக்கை நேரே பார்க்கக்கூடாது. ரிப்பன் உரத்த ஒலிக்குப் பயப்படுவதில்லை, அதற்கு ஆபத்து காற்றடியில்தான்.

தள்ளி வைக்கப்போய் மைக்கின் முதுகைச் சுவரில் ஒட்டிவிடுவது அடுத்த பிழை. 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். மைக்குக்குப் பின்னால் 1 மீற்றரில் சுவர் இருந்தால், தெறித்து வரும் ஒலி 2 மீற்றர் கூடுதலாக நடந்து, கிட்டத்தட்ட 5.7 மில்லிசெக்கன் பிந்தி, தகட்டின் பின்பக்கத்தை அடிக்கும். பின்பக்கம் என்பதால் அது நேரடி ஒலிக்கு எதிர்த்திசை. விளைவாக 175, 350, 525 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். முதல் இரண்டும் மத்தளத்தின் உடம்பும் வயலினின் கீழ்த்தந்திகளும் இருக்கும் இடம். ஈக்குவலைசரால் அதை நிரப்ப முடியாது.

மைக்கை அறைக்குள் முன்னுக்கு இழுத்து, பின்சுவர் 2.5 அல்லது 3 மீற்றராவது தள்ளியிருக்கச் செய்யுங்கள். இடமில்லையென்றால் பஞ்சு மெத்தையை நிமிர்த்தி, சுவரில் சாய்க்காமல், சுவருக்கும் மெத்தைக்கும் இடையே 30, 40 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். படுக்கை விரிப்பும் பன்பாயும் மேல்ஸ்தாயியைத்தான் கொஞ்சம் குடிக்கும்; இந்தப் பள்ளங்களுக்கு அவை மருந்தல்ல.

48 வோல்ற் சுவிட்ச்

சின்ன இன்ரர்பேஸ்களில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பலவற்றில் ஃபான்ரம் மின்சாரத்துக்கு, அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ற்றுக்கு, இரண்டு அல்லது நான்கு சனலுக்குச் சேர்த்து ஒரே சுவிட்ச். பாடகருக்குக் கொண்டென்சர், வாத்தியத்துக்கு ரிப்பன் என்று கலந்து போடும்போது அந்த ஒரு சுவிட்ச் எல்லாவற்றுக்கும் 48 வோல்ற் கொடுக்கும்.

சரியான கேபிளில் இது பெரும்பாலும் கொல்லாது. செருகியின் 2ஆம், 3ஆம் பின்களுக்கு ஒரே அழுத்தம் சமமாக வருவதால் மைக்கின் ட்ரான்ஸ்போமரில் மின் ஓடாது. கேபிளில் ஒரு பின் தரையோடு ஒட்டியிருந்தால், அல்லது ஒரு சோல்டர் விட்டிருந்தால், சமன் குலையும். இன்ரர்பேஸின் 6.8 கிலோஓம் தடை வழியாக 7 மில்லியம்பியர் வரை பாயும். மைக்கின் ட்ரான்ஸ்போமர் ரிப்பனின் சிறு அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றித் தருவது. தலைகீழாக வரும் அதிர்ச்சி தகட்டில் மின்னோட்டமாகப் பல மடங்கு பெருகும். தகடு இழுபடும் அல்லது அறும்.

ஆகவே ரிப்பனுக்கென்று தனியாக ஒரு கேபிள் வைத்து, அதை மல்ரிமீற்றரால் பின்னுக்குப் பின் சோதித்து, நிற நாடா கட்டி ஒதுக்குங்கள். ஸ்டீரியோ மைக்குகளில் 5 பின் செருகியிலிருந்து இரண்டு 3 பின்னாகப் பிரியும் கேபிளும் வரும், அதையும் சோதியுங்கள். கேபிளை மட்டும்தான், மைக்கை அல்ல. ஓம் பார்க்கவென்று மைக்கின் பின்களில் மல்ரிமீற்றரை வைத்தால் மீற்றரின் சொந்த மின்னே தகட்டை உதைக்கும். ஃபான்ரத்தை அணைத்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்தே செருகுங்கள். விதிவிலக்கு ஒன்று: அக்ரிவ் ரிப்பன் (உள்ளேயே பெருக்கி உள்ளது) என்று விற்கப்படுபவைக்கு ஃபான்ரம் கட்டாயம், அதுவும் இரண்டு சனலிலும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

இனி கெய்ன், அதாவது மைக்கின் சிறு ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பது. அக்ரிவ் அல்லாத ரிப்பன், 94 டெசிபெல் ஒலிக்கு 2 மில்லிவோல்ற் அளவில்தான் தரும். மெல்லிய வயலின் ஒலி மைக்கை 70 டெசிபெலில் அடைந்தால், 70 டெசிபெல் அளவு கெய்ன் வேண்டும். 50, 55 தரும் இன்ரர்பேஸில் குமிழை முழுதாகத் திருப்பினால் கிடைப்பது இரைச்சல். நடுவில் போடும் பூஸ்ரர்கள் 20 முதல் 27 டெசிபெல் கூட்டும். அவை ஃபான்ரத்தைத் தாம் எடுத்துக்கொண்டு மைக்குக்கு விடாமல் தடுக்கும் வகையாக இருப்பது கூடுதல் காப்பு. இரண்டு சனலுக்கும் ஒரே வகைப் பூஸ்ரர், ஒரே வகை ப்ரீஅம்ப், உள்வாங்கும் தடை 1.5 கிலோஓமுக்குக் குறையாமல்.

இரு குமிழையும் கண்ணளவில் ஒரே இடத்தில் வைத்தால் சமன் என்று நம்பாதீர்கள். நேர் நடுவில் 1.5 மீற்றரில் ஒருவர் பேசட்டும். ஒரு சனலின் துருவத்தை, அதாவது தள்ளல் இழுப்பின் திசையை, திருப்பி, இரண்டையும் ஒன்றாக்கி, குரல் மிகக் குறைவாகக் கேட்கும்வரை ஒரு குமிழை நகர்த்துங்கள். பிறகு துருவத்தைப் பழையபடி வைத்துவிடுங்கள். இதை மறந்து பதிந்தால் பதிவு முழுவதும் நடு இல்லாமல் ஓட்டையாகக் கிடக்கும்.

உம் என்ற ஹம் வந்தால் முதலில் மைக்கை நகர்த்திப் பாருங்கள். போன் சார்ஜர், அம்பிளிபயரின் ட்ரான்ஸ்போமர், ஃபேன் ரெகுலேற்றர், பழைய ரியூப்லைற் சோக் ஆகியவற்றிலிருந்து 2 மீற்றர் விலக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

கச்சான் காற்று, உப்பு, கறுப்பு மணல்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பதிவது ரிப்பனைக் கொல்லும் குறுக்குவழி. மைக்கைப் பையிலிருந்து எடுக்கும் முன், அது நிற்கப்போகும் இடத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். புகை நேரே மேலே போனால் சரி. படுத்து ஓடினால் எங்கோ காற்று வருகிறது. கதவுகளுக்கு அடியில் துணியைத் திணித்து, படாரென்று சாத்தாதபடி ஆப்பு வையுங்கள். ஏசி இருந்தால் பதிவுக்கு முன் அறையைக் குளிர்த்திவிட்டு அணைத்துவிடுங்கள்.

கல்லடியோ திருக்கோவிலோ, கரையோர வீடென்றால் உப்பு ஈரம் மாரியில் மட்டுமல்ல, ஆண்டு முழுதும் வரும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லைக் காயவையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசித் தூசு வலைக்குள் போகும். அதைவிட மோசம் கடற்கரை மணலோடு கலந்திருக்கும் கறுப்பு மணல். அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. மைக்கின் வலுவான காந்தம் அவற்றை உள்ளே இழுத்துத் தகட்டோரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு சுரத்திலும் கரகரக்கும். கிட்டார், வயலின் தந்தி வெட்டிய மேசையிலும் இரும்புத் துருவல் இருக்கும். மைக்கை வெறுமையாக எங்கும் வைக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் முதலில் மைக்குக்கு மேல் பையைப் போடுங்கள், பிறகு கேபிளைக் கழற்றுங்கள். பெட்டி மூடியை அடித்துச் சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்றே தகட்டை இழுக்கும், மெதுவாக மூடுங்கள். கிடத்தி வைத்தால் தகடு தன் பாரத்தில் தொய்யும், எனவே பெட்டியை மைக் நிமிர்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். ஓட்டோவில் போவதென்றால் பின்னால் பொதிகளோடு போடாமல் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போங்கள்.