தைப் பட்டத்து மக்காச்சோளத்துக்கு டிரிப் (சொட்டுநீர்): பூக்கும் நேரத்தில் கைவிடாதீர்கள்

தையில் விதைத்த மக்காச்சோளம் பூக்கும்போது பங்குனி வெயில் ஏறிவிடும், கிணறும் இறங்கிவிடும். இருக்கும் தண்ணீர் வேருக்கு மட்டும் போக சொட்டுநீர்தான் வழி.

வரிசைக்கு ஒரு லேட்டரல் (வயலில் ஓடும் சொட்டுக் குழாய்) தேவையில்லை. ஜோடி வரிசையாக விதையுங்கள்: இரண்டு வரிசைக்கு நடுவே 45 செ.மீ., அடுத்த ஜோடிக்கு 75 செ.மீ. ஜோடிக்கு நடுவில் ஒரு குழாய் போதும். குழாய்ச் செலவு பாதியாகும்.

முக்கியமான கட்டம் விதைத்ததிலிருந்து 50 முதல் 65 நாள் வரை. ஆண் பூ விரிந்து, கதிர் நுனியில் பட்டு நூல் தொங்கும் நேரம். ஒவ்வொரு நூலும் ஒரு சோள மணி. நூல் காய்ந்தால் அந்த மணி பிடிக்காது, உரித்துப் பார்த்தால் கதிர் நுனி பொக்கையாக இருக்கும். தண்ணீர் குறைவு என்றால் மற்ற நாட்களில் சிக்கனம் பிடியுங்கள், இந்த இரண்டு வாரம் மட்டும் வேண்டாம்.

தண்ணீர் ஓட்டியது போதுமா என்று மண்ணைக் கேளுங்கள். சொட்டுவானுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டி, மண்ணைப் பிடித்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் சரி, உதிர்ந்தால் இன்னும் ஓட்ட வேண்டும்.

யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் குழாயிலேயே விடலாம். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரக் கரைசல், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். பில்டரை அடிக்கடி கழுவுங்கள்; லேட்டரல் முனையைத் திறந்து, கலங்கல் போய்த் தெளியும்வரை விடுங்கள்.

சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. விதைப்புக்கு முன்பே வேளாண் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.