குழந்தை வருவதற்கு முன் வாடகை வீட்டை மாற்றி அமைப்பது எப்படி?

கைக்குழந்தைக்குத் தனி அறை தேவையே இல்லை. முதல் ஆறு மாதமாவது அம்மா படுக்கிற அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்குவதுதான் பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் சின்ன வீட்டில் இருக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல மூலை, ராத்திரி எழுந்து நடக்க ஒரு வழி. கடைக்குப் போவதற்கு முன்னால் இவை இரண்டையும் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சேலம் அம்மாபேட்டையில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை உள்ள வாடகை வீடு. அத்தை, மாமா, நாங்கள் இருவர், நாலு வயசில் பெரியவள். இரண்டாவது பிரசவம், அதுவும் சித்திரையில் தேதி என்பதால் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. எட்டாம் மாதம் முடிவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிடுங்கள். மாசமாக இருக்கிறவர் எதையும் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எது எங்கே போக வேண்டும் என்று சொன்னால் போதும்.

1. சுவரைத் தொட்டுப் பாருங்கள்

சேலத்து வெயிலில் கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்பது பெரிய விஷயம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமின் நாலு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்போதுதான் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். எங்கள் கட்டில் அந்தச் சுவரோரம்தான் இருந்தது. அதைக் கிழக்குப் பக்கம் ஜன்னலுக்கு அருகே கொண்டுவந்து, பீரோவை மேற்குச் சுவரில் நிறுத்தினோம். செலவே இல்லை. ரூமுக்கு நேர் மேலே மொட்டை மாடியாக இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மேலே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். கீழே சூடு நன்றாகக் குறையும்.

2. ரூமை விட்டு வெளியே போக வேண்டியவை

முதலில் இன்வெர்ட்டர் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், உள்ளே இருப்பது ஆசிட். காற்றோட்டமான வராண்டாவுக்கு மாற்றுங்கள். வயர் நீளம் கூடும்போது பருமனான வயர் போட வேண்டும் என்பதால் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

அடுத்தது தண்ணீர் டிரம். குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் டிரம் இல்லாமல் முடியாது, அதனால் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். எனவே டிரம் ரூமுக்கு வெளியே, இறுக்கமான மூடியோடு இருக்கட்டும். வாரம் ஒரு முறை காலி செய்து உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மற்ற சாமானுக்கு ஓர் ஆங்கிள் ரேக். பிளாஸ்டிக் டிராயர் அலமாரி வாங்காதீர்கள், ஒரு வருஷத்தில் வாய் பிளந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய இரும்புக் கடையில் ஓட்டை போட்ட ஆங்கிளை எடை போட்டு வாங்கினோம். துரு தேய்த்து பெயின்ட் அடித்து, மேல்முனையைச் சுவரோடு திருகி முடுக்கினோம். அந்தத் திருகை விட்டுவிடாதீர்கள். தவழ ஆரம்பிக்கிற குழந்தை முதலில் பிடித்து எழுந்து நிற்கப் பார்ப்பது ரேக்கைத்தான்.

3. பீரோவைத் திறங்கள்

தூளிக்கும் துணிக்கும் அத்தையின் பழைய நூல்சேலைகளைத்தான் எடுப்போம், அதைவிட மெத்தென்ற துணி வேறு கிடையாது. ஆனால் அந்தச் சேலை பல வருஷம் பாச்சை உருண்டை வாசத்திலேயே கிடந்திருக்கும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். நம் குழந்தைக்கு அந்தக் குறைவு இருக்கிறதா என்று பிறக்கும்போதே தெரியாது. அதனால் உருண்டைகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள், பீரோவை ஒரு நாள் திறந்து வையுங்கள். சேலைகளை வாசம் முழுக்கப் போகும்வரை துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தால் போதும்.

4. தூளி

நாங்கள் அதிக நேரம் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். கான்கிரீட் கூரை, இருக்கிற ஒரே கொக்கி ஃபேன் கொக்கி. வீட்டுக்காரர் மேலே துளை போட ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேன் கொக்கியில் ஃபேனோடு சேர்த்துத் தூளி கட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கொக்கி ஃபேனின் எடைக்காகப் போட்டது, முன்னும் பின்னும் ஆடுகிற பாரத்துக்கு அல்ல. ஜன்னல் கம்பியும் அப்படித்தான்.

இரும்பு ஸ்டாண்டு தூளிதான் வழி. பழையதாகவே வாங்கலாம், வெல்டிங் விட்டிருக்கிறதா என்று மட்டும் நாலு இணைப்பையும் தட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் 26 கிலோ அரிசிச் சிப்பத்தைச் சேலையில் போட்டு ஆட்டுங்கள். பிறந்த குழந்தை மூன்று கிலோதானே என்று தோன்றும். ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் பெரிய குழந்தை அதில் ஏறி உட்காரும். எங்களுடையதில் சிப்பம் வேகமாக ஆடும்போது ஒரு கால் தரையை விட்டு லேசாகத் தூக்கியது. அடிக்கம்பியின் நீளத்தை அரை அடி கூட்டி வெல்டிங் வைத்ததும் அசையவில்லை.

மேலே மாட்ட எஸ் கொக்கி கொடுப்பார்கள். ஆட்டத்தில் அது நழுவி வெளியே வரக்கூடும். லாரி சாமான் கடையில் திருகு போட்டு அடைக்கிற டி ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் கேளுங்கள். இந்த வேலைக்கு அதுதான் என் முதல் தேர்வு. தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம். கீழே பாய் விரித்திருக்கட்டும். எந்தப் பக்கம் ஆடினாலும் பீரோ மூலை எட்டக் கூடாது.

தூளி பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அதில் குழந்தையின் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு அடைபடலாம். ராத்திரிக்குத் தட்டையான, அழுத்தமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கடுகுத் தலையணை எதுவும் வேண்டாம்.

5. குளிப்பாட்டுகிற இடம்

அத்தை காலை நீட்டி உட்கார்ந்து காலின் மேல் போட்டுத்தான் குளிப்பாட்டுவார்கள். அதற்கு நாலடி நீளம் வேண்டும். பாத்ரூமில் அந்த நீளம் இல்லாததால் பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கம் தட்டி கட்டி, தாழ்வாக ஒரு பலகை போட்டோம். சாம்பிராணிப் புகை பச்சிளங்குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. என் தலைக்கு மட்டும் ஹாலில் போடுவது என்று அத்தையிடம் பேசி முடிவு செய்துகொண்டோம்.

6. வாங்குவதற்கு முன்

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் பிறந்த குழந்தைக்கு அரசு தரும் குழந்தைப் பெட்டகம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-இல் தொடங்கிய திட்டம் இது. துண்டு, சட்டை, கொசுவலையோடு சின்ன மெத்தை, சோப்பு என 16 பொருட்கள் அதில் உண்டு. அதையே கடையில் ஒரு முறை வாங்குவது வீண்.

பிறகு சேர்த்தது: பெயின்ட் அடிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அடிக்கலாம், ஆனால் பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரின் தூளில் ஈயம் இருக்கலாம். வேலை நடக்கும் நாட்களில் மாசமாக இருக்கிறவர் வேறு வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று: ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து ஒருவர், ஓட்டு வீட்டு உத்திரத்தில் தூளி கட்டலாமா என்று எழுதியிருந்தார். கரையான் இல்லாத, குத்தூசி இறங்காத உத்திரமாக இருந்தால் கட்டலாம். அங்கேயும் முதலில் அரிசிச் சிப்பம்தான்.

பெரிய குழந்தை எங்கே படுப்பது என்ற கேள்விக்கு: பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே இடத்தை மாற்றிவிடுங்கள். பாப்பா வந்த அன்றைக்கு மாற்றினால், பாப்பாவால்தான் அம்மா பக்கம் போச்சு என்று அதற்குத் தோன்றும். எங்கள் பெரியவளுக்கு ஹாலில் அத்தை பக்கத்தில் பாய். தலைமாட்டுச் சுவரில் அவள் ஒட்டின ஸ்டிக்கர்களைக் கிழிக்கவில்லை, வீட்டுக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.